காளி கண்டகி வழியும் அதன் சத்திரங்களும்

நேபாளத்தின் நடுமேற்கில், 8,167 மீட்டர் உயரமுள்ள தவளகிரிக்கும் 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணாவுக்கும் நடுவே காளி கண்டகி ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. இமயம் எழுவதற்கு முன்பே இந்த ஆறு இருந்தது என்பது நிலவியலாளர்கள் கருத்து. மலை உயர உயர, ஆறு அதை அறுத்துக்கொண்டே வந்தது. மற்ற இடங்களில் ஐயாயிரம் மீட்டருக்கு மேல் ஏறித் தாண்ட வேண்டிய பெருந்தொடரை இங்கே மூவாயிரம் மீட்டருக்குள்ளேயே ஊடுருவி வடபுறம் போய்விடலாம். ஆற்றோரமாக அப்படிப் போகும் பாதைதான் பல நூற்றாண்டுகளாகத் திபெத்துக்கும் கங்கைச் சமவெளிக்கும் இடையே வணிக வழியாக இருந்தது.

இந்த வழியில் மூன்று வகைக் கூட்டங்கள் நடந்திருக்கின்றன. முதலில் உப்பு வணிகர்கள், அவர்களுடனேயே வடகோடியிலுள்ள முக்திநாத் கோயிலுக்குப் போகும் யாத்திரிகர்கள், கடைசியாக 1960-களுக்குப் பிறகு வந்த டிரெக்கிங் குழுக்கள். மூன்றாவது கூட்டம் வந்து சேர்ந்தபோது பாதை, சத்திரம், சுமைக்காரர், நாளொன்றுக்கு இவ்வளவு தூரம் என்ற கணக்கு எல்லாம் ஏற்கெனவே இருந்தன. மலைநடைச் சுற்றுலாவை வெளிநாட்டு ராணுவ அதிகாரிகளும் மலையேறிகளும் உண்டாக்கினார்கள் என்று தொடங்கும் வரலாறுகள் பாதிக் கதையை விட்டுவிடுகின்றன.

வழியின் குணத்தைத் தீர்மானித்தது வானிலை. தென்பாதியில் மழை, வடபாதியில் காற்று. போக்கராவுக்குப் பக்கத்திலுள்ள லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. நேபாளத்திலேயே அதிக மழை பெறும் இடம் அதுதான். அங்கிருந்து சில நாள் நடையில் இருக்கும் ஜோம்சோம் 300 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. மழை மேகங்களை அன்னபூர்ணாத் தொடர் தடுத்துவிடுவதால் மலைக்கு அந்தப்பக்கம் ஏறக்குறையப் பாலைவனம்.

அந்தப் பாலைவனத்தில்தான் காற்று. காலை வெயில் ஏற ஏற வடக்கேயுள்ள முஸ்தாங் மேட்டுநிலம் சூடாகி, அங்குள்ள காற்று மேலெழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பத் தெற்கேயுள்ள குளிர்ந்த காற்று ஒடுங்கிய பள்ளத்தாக்கு வழியே பாய்ந்து வருகிறது. முற்பகல் பத்து, பதினோரு மணிக்குத் தொடங்கினால் மாலைவரை ஓயாது. ஆற்றுப்படுகையின் மணலையும் சிறு கல்லையும் அள்ளிவரும் அந்தக் காற்று, வடக்கே போகிறவனை முதுகில் தள்ளும். திரும்பி வருகிறவனுக்கு முகத்திலேயே அடிக்கும். முக்திநாத் போய்விட்டுத் திரும்பும் யாத்திரிகர்கள் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு ஆற்றுப்படுகையில் குனிந்தபடி நடப்பது இந்த வழியின் வழக்கமான காட்சி.

ஊர்கள் இந்தக் காற்றை எண்ணியே கட்டப்பட்டன. மார்பாவிலும் காக்பேனியிலும் வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கின்றன. தெருக்கள் குறுகலாக வளைந்து செல்லும். சில இடங்களில் வீடுகளுக்கு அடியிலேயே சுரங்கம்போல் நுழைந்து வெளியே வரும். சுவர்கள் தடித்த கல்லும் மண்ணும். கூரை தட்டையான மண் தளம். மழை இல்லாத ஊரில் சாய்கூரைக்கு வேலையில்லை. கூரையின் ஓரம் நெடுக விறகை அடுக்கி வைத்திருப்பார்கள். மாறாகத் தெற்கே குருங், மகர் மக்களின் ஊர்களில் கூரைகள் சாய்வானவை, பலகைக்கல் வேய்ந்தவை. ஒரே வழியில் நாலைந்து நாள் நடந்தால் கூரையின் சாய்வை வைத்தே எந்த வானிலைக்குள் இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

உப்புதான் இந்த வழியின் முதல் சரக்கு. திபெத்திய மேட்டுநில ஏரிகளில் எடுத்த உப்பும் ஆட்டு ரோமமும் தெற்கே வந்தன. அரிசியும் மற்றத் தானியங்களும் துணியும் வடக்கே போயின. உப்புக்குத் தானியம் என்ற பண்டமாற்றுதான் பெரும்பகுதி. இரண்டு பக்கத்தாரும் கடைசிவரை போவதில்லை. குளிர்நாட்டு ஆளுக்கும் கால்நடைக்கும் தென்பாதியின் வெப்பமும் மழையும் ஆகாது. கீழ்நாட்டு ஆளுக்கு மேல்நாட்டின் உயரம் ஆகாது. சரக்கு கைமாற நடுவில் ஓர் இடம் வேண்டியிருந்தது. அது 2,590 மீட்டர் உயரத்திலுள்ள துக்குச்சே. கைமாற்றியவர்கள் அந்தப் பகுதியின் தகாலி மக்கள்.

1855-56 நேபாள-திபெத் போருக்குப் பிறகு, உப்புச் சுங்கத்தை வசூலிக்கும் குத்தகையைக் காத்மாண்டு அரசு தகாலிக் குடும்பங்களுக்குக் கொடுத்தது. குத்தகைதாரருக்கு ‘சுப்பா’ என்ற பட்டமும் உண்டு. வடக்கேயிருந்து வருகிற உப்பு முழுவதும் அவர் கையைத் தாண்டித்தான் கீழே போக வேண்டும். 1928-இல் இந்த ஏகபோகம் ரத்தானது. அதற்குள் துக்குச்சேயில் நடு முற்றமும் சுற்றிலும் கிடங்குகளும் கொண்ட பெரிய வீடுகள் எழுந்துவிட்டன. முற்றத்தில் கோவேறு கழுதைகளின் பொதி இறங்கும். மாடியில் குடும்பம் இருக்கும். கழுதைக் கூட்டத்தின் முதல் கழுதைக்கு நெற்றியில் சாயம் தோய்த்த கவரிமா மயிர்க் குஞ்சமும் கழுத்தில் பெரிய மணியும் கட்டுவார்கள். எதிரே வருகிற கூட்டம் மணியோசை கேட்டு, பாதை அகலமாக உள்ள இடத்திலேயே ஒதுங்கி நிற்க வேண்டும். செங்குத்துப் பாறையில் வெட்டிய பாதையில் இரண்டு கூட்டங்கள் முட்டிக்கொண்டால் ஒன்று ஆற்றில்தான் விழும்.

தகாலிகளின் இன்னொரு நிறுவனம் வழிநெடுக இருந்த சத்திரம். நேபாளியில் இதற்குப் பட்டி என்று பெயர். பெரும்பாலும் பெண்களே நடத்தினார்கள். ஆண்கள் சரக்கோடு வழியில் இருப்பார்கள். களிமண் மெழுகிய அடுப்பு, அதன் அருகே துலக்கி அடுக்கிய பித்தளைப் பாத்திரங்கள், தரையில் பாய். சோறு, பருப்பு, கீரை, ஊறுகாய். சாப்பாட்டுக்குத்தான் காசு, சாப்பிட்டவருக்குப் படுக்க இடம் சும்மா கிடைக்கும். காற்றோ மழையோ வழியை மறித்தால் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினாலும் செலவு சாப்பாட்டோடு நின்றது. வணிகருக்கும் அவசரம் கிடையாது. உப்பு கெட்டுப்போகாது, கிடங்கில் கிடக்கலாம். இந்தச் சத்திரங்களின் அருமை அவை சோறு போட்டதில் மட்டும் இல்லை. காத்திருப்பதற்கு வசதி செய்து கொடுத்ததில்தான் இருக்கிறது. மோசமான வானிலையில் இந்த வழியைப் பாதுகாப்பாக வைத்திருந்தது அதுதான்.

சத்திரம் வைக்க முதல் வேண்டுமே? அதற்குத் தகாலிகளிடம் ‘திக்கூர்’ என்ற சீட்டு இருந்தது. உறவினரும் நண்பரும் குழுவாகச் சேர்ந்து ஆளுக்கு ஒரு தொகை போடுவார்கள். முறை வைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுத்துத் தொழில் தொடங்குவார். பத்திரம் கிடையாது, பிணை கிடையாது. உறவும் நம்பிக்கையும் மட்டும்தான். வங்கி எட்டாத மலையில் இந்த மக்கள் அத்தனை சத்திரங்களை எழுப்பியது இப்படித்தான்.

யாத்திரிகர்களின் இலக்கு சுமார் 3,700 மீட்டர் உயரத்திலுள்ள முக்திநாத். தமிழ் வைணவர்களுக்கு இது நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம்; திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த தலம். சாளக்கிராமக் கற்கள் காளி கண்டகிப் படுகையில்தான் கிடைக்கின்றன. இமயம் எழுவதற்கு முன் இங்கிருந்த டெதிஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் உயிரியின் புதைபடிவங்கள் அவை. கோயிலுக்குப் பின்னாலுள்ள சுவரில் வளைவாக 108 நீர்த்தாரைகள். பனிக்கட்டி உருகி வரும் நீர். யாத்திரிகர்கள் ஒவ்வொன்றிலும் தலை நனைத்தபடி ஓடுவார்கள். பக்கத்திலேயே பாறை இடுக்கில் இயற்கை எரிவாயு எரியும் ஜ்வாலா மாயி. பௌத்தர்களுக்கும் இது புனித இடம். கோயிலைப் பராமரிப்பதில் பௌத்தத் துறவிப் பெண்களுக்கும் பங்குண்டு.

யாத்திரைக்கு உகந்த நாட்களில் ஒன்று, நம்மூரில் ஆவணி அவிட்டம் வருகிற அதே பௌர்ணமி. நேபாளத்தில் அது ஜனை பூர்ணிமா. நடு மழைக்காலம். முக்திநாத்தில் அப்போது வெயில் அடிக்கும். ஆனால் அங்கு போய்ச் சேரத் தென்பாதியின் மழையைத் தாண்ட வேண்டும். கற்படிகளில் பாசி, ஓரமெல்லாம் அட்டை, சரிந்த மண்ணால் மறைந்த பாதை, பெருகிய ஓடைகளின் மேல் மூங்கில் பாலம். யாத்திரிகர் கூட்டமாகப் போனதற்குப் பக்தி மட்டும் காரணமல்ல. ஓடையைக் கடக்கக் கைகோக்க ஆள் வேண்டும். வழுக்கி விழுந்தவரைத் தூக்க ஆள் வேண்டும். ஏற்றங்களில் இடையிடையே ஆலும் அரசும் நட்ட மேடைகள் உண்டு. சௌதாரி என்று பெயர். முதுகுச் சுமையைக் கழற்றாமலே பின்னால் சாய்ந்து இறக்கி வைக்கும் உயரத்தில் அதன் விளிம்பு இருக்கும். நம் ஊர்ப் பழைய சாலையோரச் சுமைதாங்கிக் கல் எதற்காகவோ, இதுவும் அதற்காகவே. இறந்தவர் நினைவாகக் கட்டி வைக்கும் வழக்கமும் இரண்டுக்கும் பொது.

வெளிநாட்டார் இந்த வழியில் அரிதாகத்தான் வந்தார்கள். 1899-இல் ஜப்பானியத் துறவி எகாய் கவாகுச்சி வந்தார். திபெத்துக்குள் நுழைய அயலாருக்குத் தடை இருந்ததால், துக்குச்சேயில் சுப்பாவின் வீட்டில் தங்கி, பிறகு மார்பாவில் மாதக்கணக்காகக் காத்திருந்து, 1900-ஆம் ஆண்டு கோடையில் டோல்போ பகுதி வழியாக எல்லை தாண்டினார். காத்திருக்கத் தெரிந்த பயணி.

ஐம்பது ஆண்டுக்குப் பின் வந்த பிரெஞ்சுக் குழுவின் கதை நேர்மாறு. 1950-இல் நேபாளம் கதவைத் திறந்ததும் மோரிஸ் எர்சோக் தலைமையில் மலையேறிகள் துக்குச்சேயில் முகாமிட்டார்கள். முதலில் தவளகிரியைப் பார்த்து, முடியாது என்று விட்டுவிட்டு, அன்னபூர்ணாவுக்குப் போகும் வழியைத் தேடுவதிலேயே வாரக்கணக்கில் செலவழித்தார்கள். ஜூன் 3-இல் எர்சோக்கும் லூயி லாஷ்னலும் உச்சியைத் தொட்டனர். எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரத்தில் மனிதர் ஏறியது அதுவே முதல் தடவை. இறங்கும்போது எர்சோக்கின் கைகால்களும் லாஷ்னலின் கால்களும் பனியில் கருகிவிட்டன. பருவமழையும் அந்த நாட்களிலேயே வந்து சேர்ந்தது.

பிறகு நடந்ததுதான் இந்த வழியின் வரலாற்றில் மிகக் கொடிய குழுநடை. நடக்க முடியாத இருவரைச் சுமைக்காரர்கள் முதுகிலும் தூளியிலுமாகத் தூக்கிக்கொண்டு, கொட்டும் மழையில், லேத்தே வழியாகக் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் ஊர் ஊராக இறங்கினார்கள். மருத்துவர் ழாக் உதோ தங்கும் இடங்களில் அழுகிய விரல்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். ஈரத்தில் புண் ஆறவில்லை. இந்திய எல்லை ரயிலைப் பிடிக்க ஒரு மாதம் ஆனது. உச்சியில் நின்ற இருவரின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. வழுக்குப் பாதையில் அவர்களைக் கீழே போடாமல் கொண்டுவந்து சேர்த்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எழுதப்படவே இல்லை.

1959-க்குப் பிறகு திபெத் எல்லை இறுகியது. முஸ்தாங்கில் திபெத்தியக் கம்பா கெரில்லாக்கள் 1974 வரை முகாமிட்டிருந்தார்கள். இந்தியாவிலிருந்து மலிவான கடலுப்பும் மேலேறி வந்தது. உப்பு வழி செத்தது. துக்குச்சேயின் பெரிய குடும்பங்கள் போக்கராவுக்கும் காத்மாண்டுவுக்கும் தெற்குச் சமவெளிக்கும் இறங்கிவிட்டன. நேபாள நகரங்களில் இன்று தெருவுக்குத் தெரு காணும் ‘தகாலி’ சாப்பாட்டுக் கடைகளின் மூலம் அதுதான். மார்பாவில் 1966-இல் அரசு தோட்டக்கலைப் பண்ணை தொடங்கி ஆப்பிளை அறிமுகப்படுத்தியது. வழியில் மிஞ்சியவை ஆப்பிள் தோட்டங்களும் பாதி ஆளில்லாத சத்திரங்களும்.

அந்தச் சத்திரங்களுக்குப் புதிய வாடிக்கையாளர் வந்த காலமும் அதுவே. கூர்க்காப் படையில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி ஜிம்மி ராபர்ட்ஸ், 1963-இல் அமெரிக்க எவரெஸ்ட் குழுவுக்குச் சுமை ஏற்பாடுகளைக் கவனித்தார். மலையேறாமல், அடிவார ஊர்களில் நடக்க மட்டும் வருகிறவர்களுக்கும் அதே ஏற்பாட்டைச் சிறிய அளவில் செய்து கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1964-இல் ‘மவுண்டன் டிராவல்’ நிறுவனத்தைத் தொடங்கினார். 1965-இல் வந்த முதல் வாடிக்கையாளர்கள் மூன்று அமெரிக்கப் பெண்கள். அவர்கள் போனது எவரெஸ்ட் பக்கம். காளி கண்டகி வழியும் விரைவிலேயே பட்டியலில் சேர்ந்தது.

ராபர்ட்ஸ் வகுத்த குழுநடையின் ஒரு நாள் ஏறக்குறைய ராணுவ ஒழுங்கு. விடியும்போது கூடாரத்துக்குள் தேநீர் வரும், பின்னாலேயே முகம் கழுவ வெந்நீர். குழு சாப்பிட்டு முடிப்பதற்குள் கூடாரங்கள் சுருட்டப்பட்டுவிடும். சர்தார் எனப்படும் தலைமைக்காரர் சுமைகளைப் பிரித்துக் கொடுப்பார். மூங்கில் கூடையை நெற்றியில் மாட்டிய பட்டையால் தாங்கியபடி சுமைக்காரர்கள் முன்னே கிளம்புவார்கள். இளைப்பாற, கையிலுள்ள குட்டைக் கோலைக் கூடைக்கு அடியில் முட்டுக் கொடுத்து நின்றவாறே மூச்சு வாங்குவார்கள். சமையற்காரர்கள் ஓட்டமும் நடையுமாக எல்லாரையும் முந்திப்போய் மதிய உணவை அடுப்பில் ஏற்றியிருப்பார்கள். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குள் அடுத்த முகாம். பத்துப் பேர் நடக்க, அதைவிட இருமடங்கு ஆட்கள் உடன் போனார்கள்.

மழையோ பனியோ வந்தால் இந்த ஒழுங்கின் பலவீனம் சுமைக்காரரிடம்தான் முதலில் தெரியும். பயணியிடம் பூட்ஸும் மழையங்கியும் இருக்கும். அவர் பெட்டியைத் தூக்கியவரிடம் ரப்பர் செருப்பும் ஒரு பிளாஸ்டிக் தாளும் இருக்கும். அவர் கீழ்நாட்டு விவசாயி. உயரமும் குளிரும் அவருக்கும் புதியவைதான். மலைவாசி என்பதால் தாங்கிக்கொள்வார் என்ற எண்ணம் பல உயிர்களைக் கொண்டுபோனது. உயர நோயால் ஒரு சுமைக்காரர் இறந்ததை அடுத்து 1997-இல்தான் சர்வதேச அளவில் சுமைக்காரர் பாதுகாப்புக் குழு ஒன்று உருவாகி, உடை, தங்குமிடம், சிகிச்சை பற்றிய நெறிமுறைகளை வலியுறுத்தத் தொடங்கியது.

1977-இல் மனாங் பகுதி வெளிநாட்டாருக்குத் திறந்தது. 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் கணவாயைத் தாண்டி மனாங்கிலிருந்து முக்திநாத் இறங்கி, காளி கண்டகி வழியாகத் திரும்பும் அன்னபூர்ணாச் சுற்று உலகப் புகழ் பெற்றது. தகாலிச் சத்திரங்கள் அறைகளாகப் பிரிந்து லாட்ஜுகள் ஆயின. கூர்க்காப் படைகளிலிருந்து ஓய்வு பெற்று வந்த குருங்குகளும் மகர்களும் ஓய்வூதியப் பணத்தில் தங்கள் ஊர்களில் விடுதி கட்டினார்கள். கூடாரமும் சமையல் படையும் தேவையற்றுப் போனதால் குழுக்கள் சிறுத்தன. விறகுக்குக் காடு அழியத் தொடங்கியபோது, 1986-இல் அன்னபூர்ணாப் பாதுகாப்புப் பகுதித் திட்டம் வந்தது. 7,629 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஊர்மக்களை வெளியேற்றாமல் அவர்கள் கையிலேயே நிர்வாகத்தில் பங்கு கொடுத்த திட்டம் இது. இந்தியாவின் வனச் சரணாலயங்கள் படிக்க வேண்டிய பாடம்.

இந்த வளர்ச்சியில் ஒன்று மட்டும் தொலைந்தது. பழைய பயணி காத்திருந்தான். புதிய பயணிக்கு இன்ன தேதியில் விமானம், இன்ன தேதியோடு விடுப்பு முடிகிறது. தோரோங்கை இன்ன நாளில் கடப்பது என்று புறப்படும் முன்பே அட்டவணையில் அச்சாகிவிடுகிறது. 1995 நவம்பரில் வங்கக்கடல் புயல் ஒன்றின் பனிப்பொழிவில் எவரெஸ்ட் பக்கம் பாங்காவில் ஒரு ஜப்பானியக் குழுவும் உடனிருந்த நேபாளிகளும் பனிச்சரிவில் புதைந்தபோதே காத்திருக்காத நடையின் ஆபத்து உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

2014 அக்டோபர் 12-இல் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. அதன் ஈரம் வடக்கே நகர்ந்து 14-ஆம் தேதி அன்னபூர்ணா, தவளகிரிப் பகுதியில் பெரும்பனியாகக் கொட்டியது. அக்டோபர்தான் மலைநடைக்கு உச்சப் பருவம், வானம் தெளிந்த மாதம் என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். அன்று நூற்றுக்கணக்கானோர் தோரோங் வழியில் இருந்தார்கள். உச்சியிலுள்ள சிறு தேநீர்க் கடைக்குள் அடைந்து ஒண்டியவர்களில் பலர், இருட்டுவதற்குள் முக்திநாத்தை எட்டிவிடலாம் என்று கிளம்பி, வெண்பனியில் வழி தெரியாமல் உறைந்து போனார்கள். மொத்தம் 43 பேர் வரை இறந்தனர். வெளிநாட்டாரும் இந்தியரும் மட்டுமல்ல, நேபாள வழிகாட்டிகளும் சுமைக்காரர்களும் கவரிமா மேய்ப்பவர்களும் அதில் அடக்கம். புயல் வருகிறது என்பது நாட்கணக்கில் முன்பே தெரிந்த செய்தி. மேலிருந்த விடுதிகளுக்கு அதைக் கொண்டுபோகத்தான் ஏற்பாடு இல்லை.

அரசு விதிகளைக் கூட்டியது. 2023 ஏப்ரல் 1 முதல், பாதுகாப்புப் பகுதிகளில் வெளிநாட்டார் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் தனியாக நடக்கக்கூடாது என்பது ஆணை. அதற்கு வெகுமுன்பே காளி கண்டகி ஓரமாக ஜீப் சாலை வந்துவிட்டது. ஒரு வாரம் நடந்த தூரத்தை இப்போது இரண்டு நாளில் கடக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து போகும் முக்திநாத் யாத்திரைக் குழுக்கள் பெரும்பாலும் போக்கராவிலிருந்து ஜீப்பிலோ, ஜோம்சோம்வரை சிறு விமானத்திலோ போகின்றன. காற்றுக்குப் பயந்து அந்த விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கின்றன. 2022 மே 29-இல் ஜோம்சோம் நோக்கிப் பறந்த விமானம் மோசமான வானிலையில் மலையில் மோதி 22 பேரும் இறந்தனர், நால்வர் இந்தியர். சாலை தொட்ட ஊர்களில் நடைபயணிகளை நம்பியிருந்த சத்திரங்கள் பல மூடிவிட்டன. நடப்பவர்களுக்காக ஆற்றின் மறுகரையில் தனிப்பாதைகள் அமைத்திருக்கிறார்கள்.

மலைக்கு வடக்கே மழை எட்டாது என்ற மழைநிழல் கணக்கும் இப்போது பிசகுகிறது. 2023 ஆகஸ்ட் 13-இல் காக்பேனியில் சேறும் பாறையுமாக வெள்ளம் ஊருக்குள் புகுந்து வீடுகளை இடித்துச் சென்றது. தட்டையான மண்கூரைகள் ஒழுகத் தொடங்கியதால் அவற்றின்மேல் தகரம் போடுகிறார்கள். நடந்தோ ஜீப்பிலோ, ஆடி ஆவணியில் முக்திநாத் போகிறவர்கள் இரண்டு நாளைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.